தூண்டில் வளைவில் நிற்க எந்த ரீல், எந்த நரம்பு?

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை கடலோரம் கருங்கல் கொட்டிக் கட்டியிருக்கும் தூண்டில் வளைவுகள்தான் மூன்று வருடமாக நான் சாயங்காலம் போய் நிற்கும் இடம். இதற்குள் இரண்டு ரீல் வாங்கி, நாலு விதமான தூண்டில் நரம்பு சுற்றிப் பார்த்துவிட்டேன். இப்போது யாராவது கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: 5,000 ரூபாய்க்குள் கிராஃபைட் உடம்புள்ள ‘5000’ என்ற அளவு எண்ணுள்ள ஸ்பின்னிங் ரீல், அதில் 0.40 மி.மீ. தங்கூஸ், அதாவது ஒற்றை இழை நைலான் நரம்பு. படகுத்துறையில் நிற்பவர்களுக்கும் இது பெரும்பாலும் பொருந்தும்.

கைத்தூண்டிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பிளாஸ்டிக் பாட்டிலில் சுற்றிய நரம்பு, ஒரு ஈயக்குண்டு, ஒரு தூண்டில் முள், கொஞ்சம் இறால். கல்லிடுக்கில் திரியும் கீச்சானுக்கும் கெளுத்திக்கும் அதுவே போதும், கெட்டுப்போக அதில் ஒன்றுமே இல்லை. தள்ளி வீசிப் பாறை மீனையோ கொடுவாவையோ தேடும்போதுதான் ரீல் தேவைப்படுகிறது.

நான் முதலில் வாங்கியது ராடும் ரீலும் சேர்த்து 1,400 ரூபாய் செட். அட்டையில் ‘10+1 பேரிங்’ என்று போட்டிருந்தது. கடையில் கைப்பிடியைச் சுற்றினால் வெண்ணெய் மாதிரி ஓடியது. மூன்றாவது மாதம், நரம்பை ஸ்பூலுக்கு (நரம்பு சுற்றியிருக்கும் கட்டைக்கு) திருப்பிவிடும் சின்ன உருளை இறுகிப்போனது. உருளை சுழலாவிட்டால் நரம்பு அதன்மேல் உரசிக்கொண்டேதான் வரும். முறுக்கேறும், நார் நாராகப் பிரியும். பக்க மூடியைக் கழற்றினேன். வெள்ளையாக இருக்க வேண்டிய கிரீஸ் சாம்பல் நிறத்தில் களியாகிக் கிடந்தது, அதற்குள் பேரிங் துருவேறி செங்கல் நிறத்தில் இருந்தது. உப்புத் தண்ணீருக்கு மலிவான பேரிங் பத்து இருந்தால், துரு பிடிக்கப் பத்து இடம் என்றுதான் அர்த்தம்.

அடுத்து வாங்கியது பென் பர்சூட் 4. கிராஃபைட் உடம்பு என்பதால் உடம்பில் துருவுக்கு வேலையில்லை. அதே காரணத்தால் பெரிய மீன் இழுத்தால் உலோக உடம்பைவிடக் கொஞ்சம் வளையும். ஆனால் இங்கே கரையிலிருந்து மாட்டும் ஒன்றிரண்டு கிலோ மீனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மீன் இழுக்கும்போது நரம்பை அளவாக விடும் டிராக்கில் கார்பன் ஃபைபர் வாஷர்; மீன் திடீரென்று ஓடும்போது விக்காமல் நரம்பை விடுகிறது. ஷிமானோ சியன்னா ரீலை நண்பருடைய ராடில் நாலைந்து சாயங்காலம் பிடித்திருக்கிறேன். எடை குறைவு, சுற்றவும் இதமாக இருந்தது. ஒரு வருட உப்புக்குப் பிறகும் அப்படியே இருக்குமா என்று அந்தப் பழக்கத்தை வைத்துச் சொல்ல முடியாது.

எந்த ரீலாக இருந்தாலும் வீட்டுக்கு வந்ததும் செய்யும் பத்து நிமிட வேலைதான் அதன் ஆயுள். டிராக் குமிழை இறுக்கிவிட்டு, பூவாளியில் செடிக்கு ஊற்றுகிற மாதிரி நல்ல தண்ணீரை மெதுவாகத் தெளியுங்கள். குழாயைப் பீய்ச்சி அடித்தாலோ வாளியில் முக்கினாலோ வெளியே இருக்கும் உப்பு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். துடைத்த பிறகு ஸ்பூலைக் கழற்றி, நடுத்தண்டில் வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்பை ஈரத்துணியால் எடுங்கள். நிழலில் காயவைத்து, அந்தச் சின்ன உருளைக்கு ஒரு சொட்டு எண்ணெய், கைப்பிடிக் குமிழுக்கு ஒரு சொட்டு. அப்புறம் டிராக்கை முழுக்கத் தளர்த்தி வையுங்கள். இறுக்கியே வைத்தால் உள்ளே வாஷர் நசுங்கிப்போகும். முதல் ரீலுக்கு இதில் எதையுமே நான் செய்யவில்லை. செய்திருந்தால் அது இன்னும் ஒரு வருடமாவது ஓடியிருக்கும்.

நரம்புக்கு வருவோம். பல இழைகளைப் பின்னிய பிரெய்டு மெல்லியது, அதே பலத்துக்குத் தங்கூஸில் ஏறக்குறைய பாதிப் பருமன் போதும். தூரம் போகும், இழுத்தால் நீளாது என்பதால் மீன் தொட்டால்கூட விரலுக்குத் தெரியும். ஆசைப்பட்டு ஒரு பருவம் முழுக்க அதைத்தான் வீசினேன். மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று முகத்துக்கு நேராக அடிக்கும். லேசான பிரெய்டு அதில் தொய்ந்து, அடுத்த வீச்சில் ஸ்பூலிலிருந்து கொத்தாக முடிச்சு விழுந்துகொண்டு வரும். அது போதாதென்று அடிக்கடி அறுந்தது. பக்கத்தில் கைத்தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் என் நரம்பின் நுனியை வாங்கி இரண்டு நகத்துக்கு நடுவில் உருவிப் பார்த்தார். “மீனு அறுக்கல தம்பி. கல்லு அறுக்குது. நுனி பஞ்சாட்டம் பிரிஞ்சிருக்கு பாரு” என்றார். கல்லில் ஒட்டியிருக்கும் கொட்டலசின் ஓடு பிளேடு மாதிரி. இழுத்துப் பிடித்த பிரெய்டு அதில் பட்டால் அதோடு சரி. நுனியில் இரண்டு மீட்டர் தங்கூஸ் கட்டினால் ஓரளவு தாங்கும்தான். ஆனால் மாட்டிய மீன் கல்லுக்குள் ஓடினால் அந்த இரண்டு மீட்டர் எந்த மூலைக்கு?

0.40 தங்கூஸ் ஒருமுறை உரசினாலும் கீறலோடு தப்பிக்கும். விலையும் குறைவு. ஈயம் மாட்டி இருபது மீட்டர் போனாலும் மனசு பதறாது. வெயிலில் வலுவிழக்கும், ஸ்பூலில் சுருண்ட வடிவிலேயே நின்றுவிடும் என்பதெல்லாம் உண்மை. அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன். கல்லே இல்லாத, ஆழமான படகுத்துறையில் போலி இரை வீசுகிறவர் என்றால் பிரெய்டுதான் சரி என்று தோன்றுகிறது. அந்த மாதிரி இடத்தில் நான் அதிகம் நின்றதில்லை.

இப்போது ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கடைசி ஒரு முழத்தை நகத்துக்கு நடுவில் உருவுகிறேன். சொரசொரப்பு பட்டால் அந்த இடத்தோடு வெட்டிவிட்டு முள்ளைப் புதிதாகக் கட்டுகிறேன்.