கண்மாய்ச் சங்கம்: தனியாகவா, கூட்டாகவா?

எங்கள் பக்கம் மூன்று கண்மாய்கள், அதாவது பாசன ஏரிகள், ஒன்றன் கீழ் ஒன்றாகக் கிடக்கின்றன. மேலக் கண்மாய் நிறைந்து, மிச்சத் தண்ணீர் கலுங்கு வழியாக வழிந்தால்தான் நடுக் கண்மாய்க்குத் தண்ணீர். அதுவும் நிறைந்து மறுகால் போனால்தான் கடைசியில் இருக்கும் எங்களுக்கு. மூன்றுக்கும் தனித்தனி விவசாயிகள் சங்கம். இரண்டு வருஷத்துக்கு முன் கூட்டுக் குழு ஒன்று போட்டோம். சங்கங்களைக் கலைக்கவில்லை, இயந்திர வாடகை, கணக்கு எழுதுவது, வரத்துக்கால் (கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய்) வேலை இவை மட்டும் பொது. நான் கூட்டுக் கட்சி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தனியாக இருப்பதில் முடிவு சீக்கிரம் வரும். சாயங்காலம் மந்தையில் நாலு பேர் உட்கார்ந்தால் போதும். மடை பழுது, கரையில் எலிவளை அடைப்பது, வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் நீர்பாய்ச்சிக்குக் கூலியாக நெல் அளப்பது எல்லாம் இன்றும் அப்படித்தான். அதையும் பொதுவாக்கியிருந்தால் சண்டைதான் மிஞ்சியிருக்கும்.

கூட்டில் ஹிட்டாச்சியை, அதாவது மண் அள்ளும் இயந்திரத்தை, லாரியில் ஏற்றி இறக்கும் செலவு ஒரு தடவையோடு போகிறது. நல்லதுதான், ஆனால் அதற்காக மட்டும் கூட்டுச் சேர வேண்டியதில்லை.

விஷயம் வரத்துக்காலில் இருக்கிறது. ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்கு உட்பட்ட கண்மாய் ஊராட்சி ஒன்றியத்துக்கு, அதற்கு மேல் என்றால் நீர்வளத்துறைக்கு. மேலதும் நடுவதும் ஒன்றியம், எங்களுடையது துறை. நடுவில் ஓடும் கால் கிடப்பது நடு ஊர் எல்லையில், பலன் எங்களுக்கு. அவர்கள் எதற்கு வெட்ட வேண்டும்? நாங்கள் போய் வெட்டினால் "எங்க ஊருக்குள்ள யாருய்யா மண்வெட்டியோட?" என்பார்கள். 2017-இல் குடிமராமத்து (விவசாயிகள் பங்களிப்போடு அரசு கண்மாய்களைப் பராமரிக்கும் திட்டம்) மறுபடி வந்த பிறகு எங்கள் சங்கமும் 10 சதவீதப் பங்கு கட்டிக் கண்மாயின் உள்வாயை, தண்ணீர் தேங்கும் பகுதியை, ஆழப்படுத்தியது. ஆழமானது, தண்ணீர்தான் வந்து சேரவில்லை. கால் முழுக்கச் சீமைக்கருவேலம்.

அந்த மரத்தை ஒரு தடவை வெட்டி முடிக்கவும் முடியாது. தூரை விட்டால் துளிர்க்கும். தூரோடு எடுத்தாலும் ஆடு மாடு காயைத் தின்று சாணத்தில் விதை போட்டுவிட்டுப் போகும். ஐப்பசி மழைக்கு முன்னால், வருஷா வருஷம் ஆள் இறங்கியாக வேண்டும். தனிச் சங்கத்தால் இது முடியாது என்பது என் அனுபவம். இப்போது அந்தக் காலுக்குப் பெரும்பங்கு காசு எங்களது, வேலைக்கு வருவது நடு ஊர் ஆட்கள். கூலி அவர்கள் ஊருக்கே போவதால் எல்லைப் பேச்சு அடங்கிவிட்டது. மதுரைப் பக்கம் தானம் அறக்கட்டளையின் வயலகங்கள் என்னும் கண்மாய் விவசாயிகள் சங்கங்கள் பல ஊர்க் கண்மாய்களைச் சேர்த்து வேலை செய்வதைப் பார்த்ததில் வந்த யோசனைதான் இது.

ஒன்று சொல்ல வேண்டும். இந்த இரண்டு வருஷமும் மழை நன்றாக இருந்தது, மூன்று கண்மாயும் மறுகால் போயின. 2016 மாதிரி வடகிழக்குப் பருவமழை பொய்த்து மேலக் கண்மாயோடு தண்ணீர் நின்றுவிட்டால், வராத தண்ணீருக்கு எதற்குப் பங்கு என்று எங்கள் ஊர்க்காரர்களே கேட்பார்கள். அப்போது கூட்டு நிற்குமா, தெரியாது. இரண்டு வருஷ மிச்சத்தைத் தொடாமல் தபால் ஆபீஸ் கணக்கில் போட்டு வைத்திருக்கிறோம்.