தேரைக் குஞ்சுகளுக்கு ஏற்றதா இந்த அல்லித் தொட்டி?

கொடைக்கானல் மூஞ்சிக்கல் பக்கம் உள்ள நர்சரி ஒன்றில் அல்லி வளர்ப்பதற்காக விற்கப்படும் வட்டமான சிமென்ட் தொட்டியை, தோட்டத்துக்கு வரும் தேரைகள் முட்டையிட உதவும் என்று வாங்கி வைத்தோம். தொட்டி உறுதியானது; கசிவில்லை, மார்கழிப் பனியிலும் விரிசல் விடவில்லை. ஆனால் கரையேற வேண்டிய குஞ்சுகளை மனத்தில் வைத்துப் பார்த்தால், அதன் வடிவம் குறையுள்ளது என்றே சொல்வேன்.

உட்சுவர் செங்குத்தாகவும் வழவழப்பாகவும் இருக்கிறது. விளிம்பை வேறு உள்பக்கமாக மடித்துப் பூசியிருக்கிறார்கள். தலைப்பிரட்டைக்குப் பின்னங்கால்களை அடுத்து முன்னங்கால்களும் வெளிவந்து, வால் சுருங்கத் தொடங்கும்போது செவுள்கள் மறைந்து நுரையீரலால் மூச்சுவிட வேண்டியிருப்பதால், ஏறி உட்கார இடமில்லாத குஞ்சு தண்ணீரிலேயே மூழ்கிச் செத்துவிடும். விரல் நகத்தளவுகூட இல்லாத ஒரு தேரைக் குஞ்சு, பாதி வாலோடு சுவரில் தொற்றி ஏறி, மடிப்பில் முட்டி, மீண்டும் மீண்டும் விழுந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் கருங்கற்களை விளிம்பு வரை சரிவாக அடுக்கிய பிறகுதான் குஞ்சுகள் வெளியேறத் தொடங்கின.

புதுச் சிமென்டிலிருந்து சுண்ணாம்பு கரைந்து தண்ணீர் காரமாகிவிடும் என்பதால், பலமுறை நீர் நிரப்பிக் கொட்டிய பிறகே தொட்டியைப் பயன்படுத்த வேண்டும். இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. மாறாக, கொசுவை ஒழிக்கக் கப்பி மீன் விடச் சொல்கிறார்கள். அம்மீன் முட்டைகளையும் இளம் தலைப்பிரட்டைகளையும் தின்றுவிடுமாதலால் வேண்டாமென்று மறுப்பதே சரி. மழைநீர் நல்லது, குளோரின் கலந்த குழாய்நீரானால் வாளியில் திறந்துவைத்து மறுநாள் ஊற்றலாம். தொட்டியில் படரும் பாசியே தலைப்பிரட்டைகளின் உணவுக்குப் பெரும்பாலும் போதும். ஓடையிலிருந்தோ ஏரியிலிருந்தோ தலைப்பிரட்டைகளைப் பிடித்துவந்து விடுவது, நோய்ப்பூஞ்சையைப் பரப்பக்கூடிய செயல். தேரைகள் தாமாக வரும்வரை காத்திருக்க வேண்டும்.

எல்லாத் தவளைகளுக்கும் தொட்டி தேவைப்படுவதில்லை என்பதையும் வாங்குபவர்கள் அறிந்திருக்க வேண்டும். 2006-இல் அறிவியல் பெயர் பெற்ற, கொடைக்கானல் பகுதியில் வாழும் துபோய் புதர்த்தவளைக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது; முட்டைக்குள்ளேயே முழு உருவம் பெற்றுச் சிறு தவளையாக வெளிவரும். அதற்கு வேண்டியவை ஈரச் சருகும், பூச்சிமருந்து படாத புதரும்தான். சருகைக் கூட்டி எரிக்காமல் வேலியோரம் விட்டுவைத்தால் போதும்.

தேரைகளுக்காகவே வாங்குவோர், விளிம்பு மடிக்காத, ஆழம் குறைந்து அகலம் மிகுந்த தொட்டியைச் செய்யச்சொல்லி வாங்குங்கள். இப்போது கடையில் இருப்பதை வாங்கினால், கூடவே ஒரு கூடைக் கருங்கல்லும் எடுத்துச் செல்லுங்கள்.