மாட்டுங்கா வீட்டுக்குப் புறா வலை: இரண்டு மழைக்காலம் கழித்து

மும்பையின் மாட்டுங்கா கிழக்கில் 1940களில் எழுந்த ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறோம். பால்கனியின் முன்பக்கம் அரைவட்டமாக வளைந்திருக்கும்; பார்க்க அழகு, வலை கட்டுகிறவர்களுக்குத் தலைவலி. 2024 பிப்ரவரியில், எங்கள் பகுதியில் புறா வலை கட்டித் தரும் சிறிய நிறுவனம் ஒன்று இந்த வேலையைச் செய்து கொடுத்தது. வலை போட்ட மறுநாளே எழுதப்படும் ஐந்து நட்சத்திரப் பாராட்டுகளில் வராத விவரங்கள் இரண்டு மழைக்காலத்துக்குப் பிறகுதான் தெரிய வருகின்றன.

வலைக்கு முன்பு, பறவை உட்காராதபடி ஒட்டும் முள்பட்டைக்குச் செலவழித்தோம். குழாயின் மேலும் குறுகிய சுவர் விளிம்பிலும் அது பயன்படலாம். ஒன்றரை அடி அகலமுள்ள சஜ்ஜாவில் (ஜன்னலுக்கு மேல் நீட்டியிருக்கும் தளத்தில்) ஒரு வரிசை ஒட்டினால், புறா அதற்குப் பின்னால் இறங்கி நிம்மதியாக உட்கார்ந்துகொள்கிறது. எங்கள் வீட்டுப் புறா இன்னும் ஒரு படி மேலே போய், விளக்குமாற்றுக் குச்சிகளை அந்த முட்களுக்கிடையே செருகிக் கூடே கட்டிவிட்டது. மாடப்புறா இயல்பில் பாறை இடுக்குகளில் கூடு வைக்கும் பறவை. சஜ்ஜாவும் ஏசி இயந்திரத்தின் பின்புறமும் அதற்குப் பாறை இடுக்குதான். காய வைத்த ஜவ்வரிசி வடாம் முழுவதையும் எச்சத்தோடு குப்பையில் கொட்டிய அன்று வலைக்கு ஆள் தேடினோம்.

டிசம்பரிலேயே அளவெடுக்க வந்தவர் தாராவியில் வளர்ந்த திருநெல்வேலிக்காரர். ஏசிக்குப் பின்னால் இரண்டு முட்டைகள் இருந்தன. எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். என் மாமியார் கூடாது என்றார். அளவெடுக்க வந்தவர், முட்டை பொரிக்கப் பதினெட்டு நாள், குஞ்சு பறக்க அதற்குமேல் ஒரு மாதம் என்று கணக்குச் சொல்லிவிட்டு, "குஞ்சு பறந்த அன்னைக்கே போன் பண்ணுங்கக்கா, விட்டா அடுத்த முட்டையைப் போட்டுரும்" என்றார். முன்பணம் கேட்காமல் அவ்வளவு நாள் காத்திருந்தார்கள் என்பதை அவர்கள் கணக்கில் வரவாகவே வைக்கிறேன்.

வலையைப் பொறுத்தவரை குறையில்லை. வெயிலில் இற்றுப்போகாதபடி பதப்படுத்திய எச்டிபிஇ (ஒருவகைக் கெட்டியான பிளாஸ்டிக்) வலை, கண் அளவு 50 மில்லிமீட்டருக்குள். மாடப்புறாவைத் தடுக்க அது போதும். சிட்டுக்குருவிக்கு இதைவிட நெருக்கமான கண் வேண்டும். அடிக்கு ஒரு துளையிட்டு, பிளக்கும் கொக்கியும் பொருத்தி, ஓரக்கயிற்றை வளைவோடு ஓட்டி, விரலால் அழுத்தினால் உள்வாங்காத இறுக்கத்தில் கட்டினார்கள். அந்த இறுக்கம் அழகுக்காக மட்டும் அன்று; தொய்ந்த வலையில் பறவையின் காலும் இறகும் சிக்கிக்கொள்ளும். வளைவில் மட்டும் அந்தத் திருநெல்வேலிக்காரர் ஒரு மணி நேரத்துக்கு மேல் செலவிட்டார், இன்றுவரை அங்கே ஒரு முடிச்சும் அவிழவில்லை.

கோளாறு ஏசி பக்கத்தில் நேர்ந்தது. அன்று வேறோர் ஆள், மாலை நேரம், அவசரம். ஏசி குழாய் வெளியேறும் இடத்தில் வலையைச் சுற்றிக் கட்டாமல், நான்கு விரல் இடைவெளி விட்டுப் போய்விட்டார். மூன்றாம் நாள் விடிகாலையில், உள்ளே நுழைந்த புறா ஒன்று வெளியேற வழி தெரியாமல் வலையில் மோதி மோதிச் சிறகடித்த சத்தத்தில் வீடே விழித்துக்கொண்டது. ஓரக்கயிற்றில் இரண்டு முடிச்சுகளை நானே அவிழ்த்து அதை வெளியேற்றினேன். மூன்று முறை தொலைபேசியில் அழைத்த பிறகு, ஒன்பதாம் நாள் வந்து இலவசமாகச் சரிசெய்தார்கள். ஆகவே பணம் கொடுக்கும் முன் ஒவ்வொரு மூலையிலும் கையை நுழைத்துப் பாருங்கள்.

கட்டண விஷயத்தில் நேர்மை போதாது. சதுர அடிக்கு 24 ரூபாய் என்றார்கள். பால்கனியும் பின்பக்க ஜன்னலும் சேர்த்து 118 சதுர அடிதான். ஆனால் குறைந்தபட்சம் 150 சதுர அடிக்குத்தான் பில் போடுவோம் என்பதை வேலை முடிந்த பிறகே சொல்லி 3,600 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். வாயால் சொன்ன மூன்று ஆண்டு உத்தரவாதம் பில்லில் ஓராண்டாகச் சுருங்கியிருந்தது.

என் பெரிய ஆட்சேபம் சுத்தம் செய்த முறையில். காய்ந்த எச்சத்தை ஈரப்படுத்தாமல் துடைப்பத்தால் பெருக்கினார்கள். அந்தத் தூளை மூச்சில் இழுப்பதால் பூஞ்சைத் தொற்றும், சிலருக்கு ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நிமோனைடிஸ் என்ற நுரையீரல் அழற்சியும் வரக்கூடும். தண்ணீர் தெளித்து, முகக்கவசம் அணிந்து, ஈரத்தோடு சுரண்டி எடுப்பதே முறை. வேலை செய்கிறவர்களிடமே முகக்கவசம் இல்லை. எங்கள் வீட்டில் இருந்ததைக் கொடுத்தோம்.

2025 ஆகஸ்டில் புறாக்களுக்குத் தீனி போடும் இடமான தாதர் கபூதர்கானாவை மாநகராட்சி தார்ப்பாய் போட்டு மூடியபோது, தீனி கிடைக்காத கூட்டம் இந்தப் பக்கம் திரும்புமோ என்று எங்கள் சொசைட்டியில் பேசிக்கொண்டார்கள். திரும்பியதோ இல்லையோ, எங்கள் பால்கனிக்குள் ஒன்றும் வரவில்லை; வடாம் மறுபடியும் அங்கேதான் காய்கிறது. பின்பக்க ஜன்னலுக்கு மட்டும், முன்பக்கத்தில் போட்ட எவர்சில்வர் கொக்கிகளுக்குப் பதிலாக இரும்புக் கொக்கிகளை அடித்திருக்கிறார்கள். இரண்டாம் மழைக்காலம் முடிவதற்குள் துருப்பிடித்து, புதிதாக வெள்ளையடித்த சுவரில் செந்நிறக் கோடுகளாக வழிந்துவிட்டது. அவற்றை மாற்ற அந்தத் திருநெல்வேலிக்காரரையே வரச் சொல்லியிருக்கிறேன், வேறு யாரையும் அனுப்பக் கூடாது என்ற நிபந்தனையோடு.