நெட் போட்டதும் பூட்டு விழும் பிஎஸ்4: நெல்லைப் பக்கம் பழைய கன்சோல் வாங்கப் போகிறவர்களுக்கு

“கேம் எல்லாம் உள்ளயே போட்டிருக்கு அண்ணாச்சி. வீட்டுல போயி டிவியில சொருகினாப் போதும், பய விளையாடிக்கிடுவான்.”

ஜங்ஷன் வட்டாரத்துக் கடை ஒன்றில் இந்தப் பேச்சை நம்பி, அம்பாசமுத்திரத்துக்காரர் ஒருவர் பிளஸ் டூ முடித்த மகனுக்காக 19,500 ரூபாய் கொடுத்துப் பழைய பிஎஸ்4 ஸ்லிம் ஒன்றை (டிவியில் சொருகி ஆடும் சோனி பிளேஸ்டேஷன் 4 கேம் பெட்டியின் மெலிந்த வகை) வாங்கிப் போனார். 500 ஜிபி, 2 கன்ட்ரோலர், 25 கேம் என்று பேச்சு. கையில் கொடுத்த துண்டுச் சீட்டில் ‘பிஎஸ்4 செட் 1’ என்பதற்கு மேல் ஒரு எழுத்து இல்லை. மூன்று வாரம் நன்றாக ஓடியது. நாலாவது வாரம், கூட்டாளிகளோடு சேர்ந்து ஆட வேண்டும் என்று பையன் செல்போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டான். சற்று நேரத்தில் 25 கேமின் படத்திலும் சின்னதாக ஒரு பூட்டு. கடைக்குப் போன் போட்டால் பதில் தயாராக இருந்தது: “நெட்டு போட்டீங்களோ? நெட்டு போட்டா அதுக்கு நாங்க பொறுப்பில்ல.” மறுபடி திறந்து தர 1,500 ரூபாய் கேட்டார்கள். கொடுத்தார். பத்து நாளில் மறுபடியும் பூட்டு.

மெஷினில் கோளாறே இல்லை. சோனியின் ஆன்லைன் ஸ்டோரில் வாங்கும் டிஜிட்டல் கேமின் உரிமை பெட்டியோடு ஒட்டியது அல்ல, வாங்கிய அக்கவுன்ட்டோடு ஒட்டியது. ஒரு அக்கவுன்ட்டுக்கு ஒரு நேரத்தில் ஒரே ஒரு பிஎஸ்4-ஐ ‘பிரைமரி’ என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பெட்டியில் வேறு யார் உட்கார்ந்தாலும், நெட் இல்லாவிட்டாலும், அக்கவுன்ட்டில் உள்ள கேம்கள் ஓடும். அண்ணன் வாங்கிய கேமைத் தம்பியும் ஆடட்டும் என்று வைத்த வசதி அது. கடைக்காரர் தன் அக்கவுன்ட்டில் உங்கள் பெட்டியைப் பிரைமரி ஆக்குகிறார், கேம்களை இறக்குகிறார், நெட்டை அணைத்துக் கையில் தருகிறார். பிறகு சோனி தளத்தில் போய் எல்லாப் பெட்டிகளையும் ஒரே சொடுக்கில் விலக்கிவிட்டு, அதே அக்கவுன்ட்டை அடுத்தவர் பெட்டியில் ஏற்றுகிறார். தளத்தில் அப்படி விலக்க 6 மாதத்துக்கு ஒரு முறைதான் முடியும். அதனால் இவர்கள் பல அக்கவுன்ட்டுகளை மாற்றி மாற்றிச் சுழற்றுவார்கள். நெட் இல்லாத வரை, தன்னை விலக்கிய சங்கதி உங்கள் பெட்டிக்குத் தெரியாது. நெட் போட்டதும் தெரிந்துவிடும், பூட்டு விழும். ஒரே வீட்டை நாலு பேருக்கு ஒத்திக்கு விட்ட கதைதான்.

இதில் இன்னொரு குழியும் உண்டு. கடைக்காரர் அக்கவுன்ட்டிலேயே இருந்துகொண்டு பையன் 1,000 ரூபாய் வாலட்டில் போட்டு ஒரு கேம் வாங்கினால், அந்தக் கேமும் மீதிப் பணமும் கடைக்காரருக்கே சொந்தம். வங்கிக் கார்டு எண்ணை அந்த அக்கவுன்ட்டில் ஏற்றவே கூடாது.

இரண்டாவது வகை ஜெயில்பிரேக், அதாவது மென்பொருளில் உள்ள ஓட்டை வழியாகச் சோனியின் பாதுகாப்பை உடைப்பது. இதில் அக்கவுன்ட் எதுவும் வேண்டாம், எல்லாமே திருட்டுப் பிரதி. சிஸ்டம் மென்பொருள் 9.00-க்கான ஓட்டை 2021 டிசம்பரில் வெளியே வந்தது, 11.00-க்கானது 2024-இல் வந்தது. ஆகவே செட்டிங்ஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தைத் திறந்து, அங்கே 9.00, 11.00 மாதிரிப் பழைய எண் நின்றால் ஏன் அப்டேட் செய்யவில்லை என்று கேளுங்கள். “அப்டேட் மட்டும் போட்டுறாதீங்க அண்ணாச்சி” என்று பதில் வந்தால் விஷயம் விளங்கிவிடும்.

இந்த ஜெயில்பிரேக் நிலைத்து நிற்காது. பெட்டியை முழுக்க அணைத்துப் போட்டால் போய்விடும், ஒவ்வொரு தடவையும் புதிதாக ஏற்ற வேண்டும். 9.00 என்றால் அதற்கு ஒரு பென்டிரைவ் தருவார்கள். 11.00 என்றால் லேன் வயரில் தொங்கும் சின்னப் பெட்டி ஒன்றைத் தருவார்கள். கடையில் காட்டும்போது பெரும்பாலும் ரெஸ்ட் மோடில்தான் (முழுக்க அணையாத தூக்க நிலை) வைத்திருப்பார்கள், பெட்டியின் விளக்கு ஆரஞ்சு நிறத்தில் எரியும். அதைத் தட்டி எழுப்பி ஒரு கேமை ஓட்டிக் காட்டுவது சுலபம். கரன்ட் ஒரு தரம் போய் வந்தால் குட்டு உடையும். நம் ஊரில் அதற்கு ரொம்ப நாள் காத்திருக்க வேண்டியதில்லை. ஜெயில்பிரேக் செய்த பெட்டியோடு சோனி நெட்வொர்க்குக்குள் போனால், அக்கவுன்ட்டை மட்டுமல்ல, பெட்டியையே தடை செய்துவிடுவார்கள். அப்படித் தடை விழுந்த பெட்டியில் எந்த அக்கவுன்ட்டாலும் உள்ளே நுழைய முடியாது.

ஆக, கடையில் செய்ய வேண்டிய முதல் சோதனைக்கு ஸ்க்ரூடிரைவர் கூட வேண்டாம். “இந்த 25 கேம் பேரையும் பில்லில் எழுதித் தாங்க” என்று சொல்லுங்கள். எழுத மாட்டார்கள். எழுதாத கேமுக்கு எதற்குக் காசு? வெறும் பெட்டிக்கு என்ன விலை என்று அப்போது பேசுங்கள், ஆயிரங்கள் இறங்கும்.

பணம் கொடுக்கும் முன் ஒரு மணி நேரம் கடையில் உட்கார வேண்டும். போகும்போது யாரிடமாவது இரவல் வாங்கிய பிஎஸ்4 டிஸ்க் ஒன்று, உங்கள் ஹெச்டிஎம்ஐ வயர், டேட்டா உள்ள செல்போன், மைக் இல்லாத சாதாரண இயர்போன் ஆகியவற்றைக் கொண்டு போங்கள். முதலில் பவர் மெனுவில் ரெஸ்ட் மோடை விட்டுவிட்டு ‘டர்ன் ஆஃப்’ கொடுத்து, விளக்கு முழுக்க அணைந்ததும் பிளக்கைப் பிடுங்கி மறுபடி போடுங்கள். ஜெயில்பிரேக் இருந்தால் இதிலேயே போய்விடும், அந்தக் கேம்கள் திறக்காது. அப்புறம் செட்டிங்ஸில் இனிஷியலைசேஷன் பகுதிக்குப் போய்ப் பெட்டியை முழுக்க அழிக்கச் சொல்லுங்கள், குவிக் முறையே போதும். “அழிச்சா கேம் போயிருமே” என்று தயங்குவார்கள். போகட்டும், உங்களுக்குச் சொந்தமில்லாததுதானே போகிறது. அழித்த பிறகு ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, உங்கள் பேரில் ஒரு அக்கவுன்ட் திறந்து உள்ளே போங்கள். தடை விழுந்த பெட்டி இந்த இடத்தில் பிழைச் செய்தி காட்டி நின்றுவிடும். நுழைந்துவிட்டால், இரவல் டிஸ்க்கைப் போட்டு அரை மணி நேரம் ஆடுங்கள். டிஸ்க்கை இழுப்பதிலும் துப்புவதிலும் தயக்கம் இருக்கக் கூடாது. விளையாடிக்கொண்டே ஹெச்டிஎம்ஐ வயரை மெல்ல மேலும் கீழும் அசையுங்கள். படம் விட்டு விட்டு வந்தால் போர்ட் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

‘1 டிபி’ என்று சொன்னால் ஸ்டோரேஜ் பக்கத்தைப் பாருங்கள். 1 டிபி டிஸ்க் அங்கே சுமார் 860 ஜிபி காட்டும், 500 ஜிபி என்றால் 400 சொச்சம்தான். அம்பாசமுத்திரத்துப் பெட்டியில் ஜிபி கணக்கு சரியாகவே இருந்தது. ஆனால் உள்ளே இருந்தது ஏதோ லேப்டாப்பிலிருந்து கழற்றிய பழைய டிஸ்க். டிஸ்க்கை மாற்றுவது தப்பில்லை. ஸ்லிம்மில் பின்பக்க மூலை மூடியை இழுத்து, பிளேஸ்டேஷனின் நாலு சின்னமும் பொறித்த ஒரே ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினால் டிஸ்க் கையில் வந்துவிடும். 2.5 அங்குலம், 9.5 மி.மீ. தடிமன் வரை போதும். தேய்ந்த டிஸ்க்கைப் போட்டுவிட்டுப் புதுசு விலை வாங்குவதுதான் தப்பு. கேம் திறக்க நேரமாவதும், நடுவில் உறைந்து நிற்பதும் அதன் அடையாளம்.

அம்பாசமுத்திரத்துப் பெட்டியின் மேல்மூடியைத் திறந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. உள்ளே அப்பியிருந்த தூசி சாம்பல் நிறமில்லை, நல்ல சிவப்பு. கடலோரத் தேரிக்காட்டு மண். சூட்டை இழுத்து வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவில் செம்மண் பாய் விரித்த மாதிரிப் படிந்து, ஈரக்காற்றில் இறுகிக் கிடந்தது. திசையன்விளை, உவரிப் பக்கத்து வீட்டில் சில வருஷம் ஓடிய பெட்டியாக இருக்க வேண்டும். தகரத் தட்டின் ஓரத்தில் துருவும் ஏறியிருந்தது. ‘ஒரே ஓனர், ஏசி ரூம்ல இருந்தது’ என்று சொல்லி விற்ற பெட்டி இது! கடையில் திறந்து காட்ட மாட்டார்கள். அதனால் செல்போன் டார்ச்சைப் பின்பக்கக் காற்றுத் துளைகளுக்குள் அடித்துப் பாருங்கள். நிறமும் தெரியும், கரப்பான் எச்சமும் தெரியும். பவர் சப்ளையின் சூட்டுக்கு ஆசைப்பட்டுக் கரப்பான் குடியேறுவது சகஜம், அது ஷார்ட் ஆகி உயிரை விட்ட பெட்டிகள் ஏராளம். அரை மணி நேர ஆட்டத்தில் ஃபேன் ஜெட் விமானம் மாதிரி அலறினால், தூசி அடைப்பு, சிப்பின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்தது, அல்லது இரண்டும்தான் காரணம். சுத்தம் செய்து புது பேஸ்ட் வைத்தால் சரியாகும். அந்தச் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

கன்ட்ரோலரில் ஏமாற்றுவது இன்னும் சுலபம். ஸ்லிம்மோடு வந்த அசல் கன்ட்ரோலரில் டச்பேடின் மேல் ஓரத்தில் ஒரு கோடாக வெளிச்சம் தெரியும். போலியிலும் சிலதில் தெரியும் என்பதால் அதோடு நிற்க வேண்டாம். திரைக் கீபோர்டைத் திறந்து வலது குச்சியை (கட்டைவிரலால் சுழற்றும் குமிழை) அழுத்தினால் மோஷன் சென்சார் வேலை செய்யும், கன்ட்ரோலரைச் சாய்க்கச் சாய்க்க அம்புக்குறி நகர வேண்டும். மலிவுப் போலிகள் பல இந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும். இயர்போனைச் சொருகிச் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். குச்சியைத் தொடாமல் வைத்திருக்கும்போதே கேமுக்குள் பார்வை தானாகச் சுற்றினால் அது ட்ரிஃப்ட். குச்சிக்குக் கீழே உள்ள கார்பன் தடம் தேய்ந்ததால் வருவது. ‘ஸ்ப்ரே அடிச்சா சரியாயிரும்’ என்பார்கள், சில நாளைக்குச் சரியாகும், பிறகு திரும்ப வரும். குச்சித் தொகுதியையே மாற்றிச் சால்டர் செய்ய வேண்டும்.

பிஎஸ்5 வாங்குவோருக்கு ஒரே ஒரு சங்கதி. கடையநல்லூர், மேலப்பாளையம் பக்கம் வளைகுடாவிலிருந்து வரும் பெட்டிகள் புழங்கும். சாமான் நல்லதாகவே இருக்கும், ஆனால் இந்தியாவில் வாரன்ட்டி கிடைக்காது. மாடல் எண்ணில் நாலு இலக்கத்தின் கடைசி இரண்டைப் பாருங்கள்: 08 என்றால் இந்தியாவுக்கு வந்தது, 16 ஐரோப்பாவும் வளைகுடாவும், 15 அமெரிக்கா, 00 ஜப்பான். ‘இந்தியா வாரன்ட்டி’ என்று சொல்லி 16-ஐ நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். செட்டிங்ஸில் கன்சோல் இன்ஃபர்மேஷன் பக்கத்தில் காட்டும் சீரியல் எண்ணும் பெட்டியின் ஸ்டிக்கரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்லிம் மாடலில் கழற்றி மாட்டும் டிஸ்க் டிரைவ் தனியாக வந்தால், அதை நெட்டில் ஒரு முறை பதிந்தால்தான் டிஸ்க் படிக்கும். கடையிலேயே பதிந்து பாருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு பெட்டியைக் கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் வைக்காதீர்கள், பின்பக்கம் ஒரு சாண் இடம் வேண்டும். ஸ்டெபிலைசர் வாங்கச் சொல்வார்கள். லேபிளிலேயே 100–240 வோல்ட் என்றுதான் இருக்கும், வோல்டேஜ் குறைவு அதைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. போன கரன்ட் திரும்பி வரும் நொடியில் துள்ளும் வோல்டேஜ்தான் பவர் சப்ளையை அடிக்கும். கரன்ட் போனதும் பிளக்கைப் பிடுங்குங்கள். யுபிஎஸ் வைப்பதானால், பிஎஸ்4 ஸ்லிம்முக்கு 600 விஏ தாங்கும், டிவியோடு சேர்த்துப் பிஎஸ்5 என்றால் 1 கேவிஏ எடுங்கள். ஐப்பசி இடிக்கு லேன் வயரையும் ஹெச்டிஎம்ஐ வயரையும் சேர்த்தே கழற்ற வேண்டும், கேபிள் டிவி வழியாக வரும் இடி டிவியைத் தாண்டி ஹெச்டிஎம்ஐ சிப்பைத் தின்னும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பெட்டியைத் தூக்கி எறிய வேண்டாம். கடைக்குத் திரும்பக் காசு கொடுக்கவும் வேண்டாம். யுஎஸ்பி பென்டிரைவை எக்ஸ்ஃபாட் (exFAT) முறையில் ஃபார்மட் செய்து, ஆங்கிலப் பெரிய எழுத்தில் PS4 என்றொரு ஃபோல்டர், அதற்குள் UPDATE என்றொரு ஃபோல்டர் போடுங்கள். சோனி தளத்தில் ‘ரீஇன்ஸ்டால்’ என்று குறித்த கோப்பை இறக்கி அதில் வையுங்கள். சாதாரண அப்டேட் கோப்பு இதற்கு உதவாது. பெட்டி அணைந்த நிலையில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் ஒரு பீப் வரும், சுமார் 7 விநாடியில் இரண்டாவது பீப் வந்ததும் விடுங்கள். கன்ட்ரோலரை வயரில் இணைத்து, திரையில் வரும் மெனுவில் 7-ஆவது வரியைத் தேர்ந்தெடுங்கள். பூட்டு, ஜெயில்பிரேக், கடைக்காரர் அக்கவுன்ட் எல்லாம் போய்விடும். தடை விழுந்திருந்தால் அது மட்டும் போகாது, டிஸ்க் போட்டு நெட் இல்லாமல் ஆடலாம்.

பணத்தைத் திரும்பக் கேட்க, பூட்டு விழுந்த திரையைப் படம் எடுத்து வையுங்கள். ஜிபே ரசீது, வாட்ஸ்அப்பில் ‘25 கேம்’ என்று கடை அனுப்பிய செய்தி, துண்டுச் சீட்டு எதையும் அழிக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நெல்லையில் இருக்கிறது. 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, 2 வருஷத்துக்குள் மனு போட வேண்டும். அம்பாசமுத்திரத்துக்காரரிடம் இருந்தது துண்டுச் சீட்டும், கடையின் வாட்ஸ்அப் செய்தியும், பூட்டைத் திறக்க 1,500 ரூபாய் அனுப்பிய ஜிபே ரசீதும்தான். 1915-இல் பதிந்த புகார் எண்ணைச் சொன்னதும் கடை 6,000 ரூபாயைத் திருப்பியது. பெட்டி இப்போது பையன் பேரில், இரண்டு பழைய டிஸ்க்கோடு, நெட்டோடு ஓடுகிறது.