பழைய பெயிண்ட்பால் மார்க்கருக்குப் புது மேனி: பாலிஷா, அனோடைசிங்கா, பெயிண்டா?

பழைய மார்க்கரை, அதாவது பெயிண்ட் பந்து சுடும் துப்பாக்கியை, பிரித்து மேசையில் பரப்பியதும் எல்லோருக்கும் முதலில் தோன்றும் கேள்வி, என்ன நிறம் அடிக்கலாம் என்பதுதான். நிறத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். பாடி என்ன உலோகம், அதற்குள் ஹேமர் (ஸ்பிரிங்கின் விசையில் ஓடி வால்வைத் தட்டும் உருளை) ஓடும் குழாய் என்ன நிலையில் இருக்கிறது என்ற இரண்டும் தெரிந்துவிட்டால், பாலிஷ், அனோடைசிங் (அமிலத்தில் மின்சாரம் செலுத்தி அலுமினியத்தின் மேல் கடினமான ஆக்சைடு படலம் வளர்ப்பது), பெயிண்ட், பவுடர் கோட்டிங் என்ற நான்கு வழிகளில் பொருந்தாதவை தாமாகவே கழிந்துவிடும்.

நீள்குழாயாகப் பிதுக்கி எடுத்து, பிறகு கடைந்து செய்த அலுமினிய பாடி என்றால் எல்லா வழிகளும் திறந்திருக்கின்றன. பழைய ஸ்பைடர், ஆட்டோகாக்கர் வகைகள் இப்படிப்பட்டவை: மேல் குழாயில் பந்தைப் பேரலுக்குள் தள்ளும் போல்ட், கீழ்க் குழாயில் ஹேமர். டிப்மேன் 98 கஸ்டம் வேறு வகை. அச்சில் ஊற்றி வார்த்த இரண்டு பாதிகள் சேர்ந்ததுதான் அதன் பாடி. அச்சு வார்ப்புக் கலவையில் சிலிக்கன் அதிகம் இருப்பதால் அனோடைசிங்கில் நிறம் ஏறாது, திட்டுத்திட்டாகச் சாம்பல் பூத்துவிடும். ஷெரிடனின் பித்தளை மார்க்கர்களையும், துருப்பிடிக்காத எஃகு பாடியுள்ள பழைய ஆட்டோமேக்கையும் அனோடைசிங் தொட்டியின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. அலுமினியத் துண்டில் ஒரே ஒரு பித்தளைத் திருகு மறந்துபோய் ஒட்டியிருந்தாலும் திருகு கரையும், தொட்டியும் கெடும்.

பிரிப்பதற்கு முன் செய்ய வேண்டியது: சிலிண்டரைக் கழற்றுங்கள், பந்துகளை எடுத்துவிடுங்கள், கண்ணாடி அணிந்து, பாதுகாப்பான திசையில் பிடித்து, உள்ளே மிஞ்சிய வாயு தீரும்வரை விசையை இழுங்கள். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்குள் 21 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 58 பார் அழுத்தம் இருக்கும். அதில் சிறு பங்கு வால்வு அறையில் தங்கியிருந்தாலும் திருகு கையைவிட்டுப் பறக்கும். இந்த அலசல் முழுக்க பாடி, கைப்பிடிச் சட்டகம், பேரல் ஆகியவற்றைப் பற்றியது மட்டுமே. சிலிண்டரை உரிக்கவோ, தேய்க்கவோ, அமிலத்தில் முக்கவோ, சூடாக்கவோ கூடாது. வால்வு அறையைச் சுற்றியுள்ள சுவரிலும், சிலிண்டர் பொருத்தும் மரையிலும் அரம் படக் கூடாது.

பழைய தோலை உரித்தல்: காஸ்டிக் சோடாவா, உப்புத்தாளா

காஸ்டிக் சோடா வேகமானது. ஒரு லிட்டர் குளிர்ந்த நீருக்கு 50 கிராம் போதும். தூளைத்தான் நீரில் போட வேண்டும், நீரைத் தூளில் ஊற்றக் கூடாது. பிளாஸ்டிக் தொட்டி, ரப்பர் கையுறை, கண்ணாடி, திறந்த வெளி ஆகிய நான்கும் கட்டாயம், ஏனென்றால் அலுமினியத்தோடு அது சேரும்போது ஹைட்ரஜன் கிளம்புகிறது. சாக்கடை அடைப்பு நீக்கும் தூள்களில் அலுமினியத் துணுக்குகள் கலந்தவையும் உண்டு, அவை இதற்கு ஆகாது. சில நிமிடங்களில் நிறம் கரைந்து, துண்டு முழுவதும் சீராக நுரைக்கத் தொடங்கும். படலம் தீர்ந்து அலுமினியமே கரையத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். உடனே எடுத்து நீரில் அலசுங்கள். இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று விட்டால் மரைகள் மெலியும், குழாய் அகலும். அலசியபின் மேலே கரிபோல் படிந்திருப்பது, கலவையில் இருந்து கரையாமல் நின்ற மற்ற உலோகங்கள். நீச்சல் குளங்களில் அமிலத்தன்மையைக் கூட்டப் பயன்படும் சோடியம் பைசல்ஃபேட்டின் கரைசல் அதை எடுத்துவிடும்.

காஸ்டிக்கில் பெரிய சேதம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கிறது. ஹேமர் எஃகால் ஆனது, அது ஓடும் குழாயின் உட்சுவரில் இருக்கும் அனோடைஸ் படலம்தான் தேய்மானத்தைத் தாங்குகிறது. அதையும் சேர்த்து உரித்துவிட்டுப் பாலிஷ் போட்டு மாட்டினால், எஃகு வெற்று அலுமினியத்தை அரிக்கத் தொடங்கும். உள்ளே கீறல் விழும், சாம்பல் நிறப் பசை சேரும், ஹேமர் சிக்கும், பந்தின் வேகம் ஒவ்வொரு முறையும் மாறும். எனவே மறுபடி அனோடைஸ் செய்யும் எண்ணம் இல்லாதவர் குழாயின் இரு வாயையும் ரப்பர் அடைப்பான்களால் இறுக அடைத்த பிறகே முக்க வேண்டும்.

உப்புத்தாளில் இந்த ஆபத்து இல்லை, உள்ளே எதையும் அது தொடுவதில்லை. ஆனால் அனோடைஸ் படலம் அலுமினியத்தைவிடப் பல மடங்கு கடினம். 220 எண் தாள் விரைவில் மழுங்கும், கையும் சலிக்கும், கூர்மையான விளிம்புகள் உருண்டுபோகும். பாலிஷ் மட்டும் போடப் போகிறவருக்கும், வார்ப்பு பாடி வைத்திருப்பவருக்கும் உப்புத்தாளே மேல். அனோடைசிங்குக்குப் போகிறவருக்குக் காஸ்டிக் மேல்.

வடிவத்தை மாற்றுவதென்றால் உரித்தபின், மெருகுக்கு முன். அரத்தின் பற்களில் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டால் அலுமினியத் துகள் அடைத்துக்கொள்ளாது. அடைத்த துகள்தான் ஆழமான கோடு கிழிப்பது. எஃகு தீட்டும் சாணைச் சக்கரத்தில் அலுமினியத்தை வைக்காதீர்கள்: சக்கரம் அடைத்துச் சூடேறும், அலுமினியத் தூளும் இரும்புத் தூளும் கலந்து கிடக்கும் இடத்தில் ஒரு பொறி விழுந்தால் தீப்பிடிக்கும்.

பாலிஷ்

இதற்குச் செலவு குறைவு, உழைப்பு அதிகம். 320, 400, 600, 800, 1000, 1500, 2000 என்று தாளை மாற்றிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் தேய்க்கும் திசையைக் குறுக்காக மாற்றினால், முந்தைய தாளின் கோடு மறைந்ததா என்பது தெரியும். 600க்குப் பிறகு சோப்பு நீர் தொட்டுத் தேய்ப்பது நல்லது. தட்டையான பகுதிகளுக்குத் தாளின் பின்னால் மரக்கட்டை வைக்காவிட்டால் பளபளப்பு வந்தபின் அலையலையாகத் தெரியும். அரைகுறையாக விட்ட ஒரு 320 கோடு, கடைசியில் மெருகேற்றும் பஞ்சுச் சக்கரம் பட்ட பிறகுதான் கண்ணில் குத்தும். அப்போது மறுபடி 320க்கே திரும்ப வேண்டும், குறுக்கு வழி கிடையாது.

வெற்று அலுமினியம் விரல் ரேகையைப் பிடிக்கும், சில வாரங்களில் மங்கும். மெழுகு பூசினால் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். ஆனால் கீறல் விழுந்தால் அரைமணி நேரத்தில் சரிசெய்துவிடலாம். மற்ற மூன்று வழிகளிலும் அது முடியாது.

அனோடைசிங்

நீள்குழாய் அலுமினிய பாடிக்கு எங்கள் முதல் தேர்வு இதுதான். காரணம் நிறமல்ல. ஹேமர் குழாய்க்குப் போன கவசத்தைத் திருப்பித் தரக்கூடிய வழி, நான்கிலும் இது ஒன்றே.

கார் பேட்டரிக்கு ஊற்றும் அமிலம் ஒரு பங்கு, காய்ச்சி வடித்த நீர் இரண்டு பங்கு என்று கலந்தால், எடைக்கு ஏறத்தாழ 14 முதல் 15 சதவீத சல்ஃப்யூரிக் அமிலம் கிடைக்கும். நீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். எதிர்முனைக்கு ஈயத் தகடு அல்லது அலுமினியத் தகடு. மின்னோட்டத்தை நிலையாக வைக்கும் மின்வழங்கி தேவை. பேட்டரி சார்ஜர் ஓட்டத்தை இஷ்டத்துக்கு மாற்றும் என்பதால் கணக்கு நிற்காது.

கணக்கு எளிது. ஒரு சதுர டெசிமீட்டர் பரப்பில் ஒரு மைக்ரான் படலம் வளர ஏறத்தாழ 3 ஆம்பியர்-நிமிடம் வேண்டும். வெளிப்புறமும் குழாய்களின் உட்புறமும் சேர்த்து 6 சதுர டெசிமீட்டர் உள்ள பாடிக்கு 6 ஆம்பியர் கொடுத்தால், 45 நிமிடத்தில் 15 மைக்ரான். வெளிர் நிறங்களுக்கு அது போதும். கறுப்புக்கு 20க்கு மேல் வேண்டும், 60 நிமிடம் கடக்கும். உட்பரப்பைக் கணக்கில் சேர்க்க மறந்தவருக்குப் படலம் மெலிந்து, கறுப்பு ஊதாவாக வரும். நீளமான குழாயின் நடுவில் மின்னோட்டம் குறைவாகத்தான் சேரும். உள்ளே மெல்லிய அலுமினியக் கம்பியை எங்கும் படாமல் நிறுத்தி, அதை எதிர்முனையோடு இணைத்தால் உட்சுவரும் சீராக வளரும்.

தொட்டி 20 முதல் 22 டிகிரிக்குள் இருக்கட்டும். 25ஐத் தாண்டினால் படலம் வளர வளரக் கரையும், தொட்டால் தூள் வரும். ஐஸ் நிரப்பிய பெரிய தொட்டிக்குள் அமிலத் தொட்டியை வைப்பது எளிய தீர்வு. ஆனாலும் பெரும்பாலான தோல்விகள் மின்தொடர்பிலிருந்தே வருகின்றன. அனோடைஸ் படலம் மின்சாரத்தைக் கடத்தாது. கம்பி தளர்வாக இருந்தால், தொடும் இடத்திலேயே படலம் வளர்ந்து ஓட்டம் நின்றுவிடும். வெளியே தெரியாத திருகுத் துளை ஒன்றில் அலுமினியக் கம்பியை அடித்து இறுக்குங்கள், அல்லது டைட்டானியம் திருகைப் போடுங்கள். செம்புக் கம்பி அமிலத்தில் படக் கூடாது.

எடுத்ததும் குளிர்ந்த நீரில்தான் அலச வேண்டும். சுடுநீர் பட்டால் நுண்துளைகள் மூடிக்கொண்டு சாயம் ஏறாது. சாயம் 50 முதல் 60 டிகிரியில் 10–15 நிமிடம். பிறகு கொதிநிலையில் உள்ள காய்ச்சி வடித்த நீரில் 30 நிமிடம் வைத்தால் துளைகள் மூடும். துணிச் சாயமும் ஏறும், ஆனால் அதன் சிவப்பும் ஊதாவும் வெயிலில் வெளுத்துவிடும். உலோகச் சாயத்துக்குச் செலவழிப்பது வீணல்ல.

படலத்தில் ஏறத்தாழ பாதி உலோகத்துக்குள்ளும் பாதி வெளியிலும் வளர்வதால், 20 மைக்ரான் படலம் குழாயின் விட்டத்தை 20 மைக்ரான் அளவுக்குக் குறைக்கும். காஸ்டிக் கொஞ்சம் தின்றிருப்பதால் பெரும்பாலும் அது சரியாகிவிடும். அனோடைசிங் எதையும் மறைக்காது என்பதையும் சொல்ல வேண்டும்: அடியில் இருக்கும் கீறல் அப்படியே நிறத்தோடு தெரியும்.

பெயிண்ட், பவுடர் கோட்டிங்

வார்ப்பு பாடிக்குப் பெயிண்ட்தான் வழி, அது மட்டமான வழியும் அல்ல. வார்ப்பின் நுண்துளைகளில் பல வருட எண்ணெய் ஊறியிருக்கும். அசிட்டோனால் துடைத்து, சமையலுக்குப் பயன்படாத அடுப்பில் 100 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, கசிந்ததை மறுபடி துடைக்க வேண்டும். இதைத் தவிர்த்தால் பெயிண்ட் மீன்கண் போலக் குழி குழியாக விலகும். தேய்த்த அன்றே அலுமினியத்தைக் கவ்வும் எட்ச் பிரைமரை ஒரு மெல்லிய பூச்சாக அடியுங்கள். அதன்மேல் மெல்லிய பூச்சுகள் மூன்று போதும், ஒரே தடித்த பூச்சு வழியும். சாதாரண ஸ்பிரே தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும் கெட்டியாகப் பல நாட்கள் ஆகும். அதற்குள் மாட்டினால் திருகின் தலைக்குக் கீழே சுருங்கி உரியும். இரட்டைக்கூறு பெயிண்ட் (இரண்டு பகுதிகளைக் கலந்து அடிப்பது) உறுதியானது, ஆனால் அதன் புகை நுரையீரலுக்குக் கேடு. உரிய சுவாசக் கவசம் இல்லாதவர் அதைத் தொட வேண்டாம்.

பவுடர் கோட்டிங்கை, அதாவது தூளைத் தூவிச் சூட்டில் உருக்கி ஒட்டும் பூச்சை, மார்க்கர் பாடிக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை. 60 முதல் 100 மைக்ரான் தடிமன் மரைகளையும் பொருந்தும் முகங்களையும் அடைத்துவிடும். 180–200 டிகிரிச் சூட்டில் ஓ-ரிங் (வாயு கசியாமல் அடைக்கும் வளையம்) ஒன்று உள்ளே மறந்திருந்தால் அது கருகும். விசைக்காப்புக்கும் கைப்பிடிச் சட்டகத்துக்கும் போடலாம், அங்கே அது மற்ற எதையும்விட அடி தாங்கும்.

நான்கையும் மைதானத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், முதலில் விளிம்புகளில் உதிர்வது பெயிண்ட், முதலில் மங்குவது பாலிஷ். அனோடைஸ் கீறல் தாங்கும், ஆனால் கல்லில் மோதிக் குழி விழுந்தால் அந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போட முடியாது. முழுவதும் உரிக்க வேண்டும், ஒவ்வொரு உரிப்பிலும் கொஞ்சம் உலோகம் போகும். இரண்டாவது முறைக்குப் பிறகு குழாயை அளந்து பார்க்காமல் மூன்றாவது முறை முக்காதீர்கள். நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பளிச்சென்ற எதுவும் நல்லது. தெருவில் பார்ப்பவருக்கு உண்மையான துப்பாக்கி என்று தோன்றும் கறுப்பு, பைக்கு வெளியே வந்தால் ஆபத்து.

மாட்டும்போது ஓ-ரிங்குகளைப் புதிதாகப் போடுங்கள், காஸ்டிக்கும் அசிட்டோனும் பட்டவை வேண்டாம். முதலில் பந்து இல்லாமல், பேரல் உறை போட்டு வாயுவை ஏற்றி, சோப்பு நீர் தடவிக் கசிவு பாருங்கள். பிறகு உறையைக் கழற்றி, பந்தோடு குரோனோகிராஃப் (பந்தின் வேகத்தை அளக்கும் கருவி) முன். ஹேமர் குழாயின் உராய்வு மாறியிருப்பதால் பழைய திருகு நிலையில் வேகமும் மாறியிருக்கும், வழுவழுப்பான புதுக் குழாயில் பெரும்பாலும் கூடும். ஸ்பிரிங் அழுத்தத்தை முழுக்கத் தளர்த்தித் தொடங்கி, கால் திருப்பாக ஏற்றுங்கள். பெரும்பாலான மைதானங்களில் உச்சவரம்பு நொடிக்கு 300 அடி, அதாவது 91 மீட்டர். தொடர்ந்து சுடும் பத்துப் பந்துகளும் அதற்குக் கீழே நிற்கும்வரை ஆட்டத்துக்குள் கொண்டுபோக வேண்டாம்.