நடையா, ஓட்டமா?

உடற்பயிற்சி செய்வது என்று முடிவாகிவிட்டது, சரி, எதைச் செய்வது என்பதில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

நேரம்: உலக சுகாதார அமைப்பு பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான பயிற்சி அல்லது 75 நிமிடக் கடுமையான பயிற்சி. வேக நடை முதல் கணக்கு, ஓட்டம் இரண்டாவது.

மூட்டு: நடக்கும்போது ஒரு காலாவது தரையில் இருக்கும். ஓட்டத்தில் ஒரு கணம் இரண்டு கால்களும் அந்தரத்தில் இருப்பதால், இறங்கும்போது உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை காலில் விழுகிறது. அதற்காக ஓடினாலே முட்டி தேயும் என்று பயப்பட வேண்டாம், எடுத்த எடுப்பில் தூரத்தைக் கூட்டுவதுதான் வம்பு.

இதயம், ரத்த அழுத்தம், சர்க்கரை: இரண்டும் உதவும். ஆனால் நடை என்றால் பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அந்த வேகம். வேடிக்கை பார்த்துக்கொண்டே போவது அந்த 150 நிமிடத்தில் சேராது.

விடாமல் தொடர்வது: நடைதான், சந்தேகமே இல்லை.

பல வருடம் உட்கார்ந்தே இருந்தவர்கள், மூட்டு வலிக்காரர்கள் நடக்கலாம். நேரமில்லாதவர்கள், ஏற்கெனவே வேகமாக நடந்து பழகியவர்கள் ஓடலாம். இதய நோய் இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு. அப்புறம், எதை எடுத்தாலும் வாரம் இரண்டு நாள் தசைகளுக்கான பயிற்சி தனியாக வேண்டும்.