காரில்லாமல் ஏற்காடு: காப்பித் தோட்ட விடுதி ஒன்றின் கோடைக்கணக்கு

இந்தக் கோடையில் எங்கள் வீட்டில் ஊட்டிப் பேச்சு ஏப்ரலிலேயே அடங்கிவிட்டது. சேலத்திலிருந்து ஊட்டிக்குப் போய்த் திரும்ப நானூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகும். பெட்ரோலை லிட்டர் நூறு ரூபாய் என்று தோராயமாக வைத்துக்கொண்டாலும், மலைப்பாதையில் கார் கூடுதலாகக் குடிப்பதையும் சேர்த்தால் எரிபொருளுக்கு மட்டும் மூவாயிரம் ரூபாயை நெருங்கிவிடும். வைகுந்தத்திலும் விஜயமங்கலத்திலும் போகும்போதும் வரும்போதும் கட்டும் சுங்கம் தனி. 2024 மே மாதம் முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேறு எடுக்க வேண்டியிருக்கிறது. வெள்ளி விலை ஏறியதிலிருந்து சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளில் வேலை குறைந்திருக்கும் நிலையில், அந்தத் தொழிலை நம்பியிருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு முப்பது கிலோமீட்டரில் இருக்கும் ஏற்காடுதான் கைக்கு எட்டும் மலை.

ஏற்காட்டின் ஒண்டிக்கடைச் சந்திப்பிலிருந்து நாகலூர் செல்லும் சாலையில் உட்புறமாக அமைந்திருக்கும் இந்தத் தோட்ட விடுதியைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், பேருந்தில் வருபவர்களை ஏற்காட்டில் நிறுத்தத்திலிருந்தே இலவசமாக ஜீப்பில் அழைத்துச் செல்வதாக அவர்கள் சொன்னதுதான். சொன்னபடியே செய்தார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் அரசுப் பேருந்தில் கடந்து இறங்கியபோது ஜீப் காத்திருந்தது; ஓட்டுநர் மூட்டைகளைத் தாமே எடுத்து ஏற்றினார். கார் வைத்திருப்பவர்களை மட்டுமே விருந்தினராக மதிக்கும் விடுதிகள் மலையில் நிறைய உண்டு என்பதால் இதைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான்கு பேர் தங்கும் அறைக்கு, காலை உணவும் இரவு உணவும் சேர்த்து, இரவொன்றுக்கு 2,400 ரூபாய். அறை பெரிதல்ல, குளியலறைக் கதவு மழை ஈரத்தில் உப்பி, தோளால் தள்ளினால்தான் சாத்தும். ஆனால் போர்வைகள் துவைத்த வாசனையோடு இருந்தன. தோட்டத்தில் நிழலுக்கு வளர்த்த சில்வர் ஓக் மரங்களைக் கவாத்து செய்தபோது விழுந்த கிளைகளையே எரித்துப் பாய்லரில் வெந்நீர் வைக்கிறார்கள். மாலை மழையில் மின்சாரம் நின்ற நேரத்திலும் வாளி வாளியாக வெந்நீர் வந்தது. டீசல் ஜெனரேட்டரை இரவு ஏழு முதல் பத்து வரை மட்டும் ஓட்டுவதை முன்கூட்டியே சொல்லிவிடுவதால் அதைக் குறையாக எழுத மாட்டேன்.

சாப்பாட்டில் சிக்கனம் தெரிகிறது, கஞ்சத்தனம் தெரியவில்லை. வணிகப் பயன்பாட்டுக்கான 19 கிலோ சிலிண்டரின் விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால், காலையில் பூரி, தோசை என்று தனித்தனியாகப் போடாமல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இட்லியும் பொங்கலும் வைக்கிறார்கள். எட்டரைக்கு மேல் எழுபவர்களுக்கு ஆறிய பொங்கல்தான். இரவில் விறகடுப்பில் வைத்த மிளகு ரசமும் நாட்டுக்கோழிக் குழம்பும் சேலத்தில் எந்த உணவகத்திலும் இந்த விலைக்குக் கிடைக்காதவை. காப்பியோ தோட்டத்திலேயே விளைந்து வறுத்தது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் கொண்டுவந்த பயிர் அது. இரண்டாவது தம்ளர் கேட்டபோதும் தனியாகக் காசு எழுதவில்லை.

குறை, ஊர் சுற்றும் ஜீப்பில்தான். பகோடா பாயின்ட், சேர்வராயன் கோயில், லேடீஸ் சீட், கிளியூர் அருவி ஆகியவற்றுக்கு அரை நாள் வாடகை 1,500 ரூபாய் என்று தொலைபேசியில் சொன்னவர்கள், புறப்படும்போது தந்த ரசீதில் அதன் கீழே 'டீசல் கூடுதல் 300' என்று பால்பாயின்ட் பேனாவால் எழுதியிருந்தார்கள். கேட்டதற்கு, "டீசல் விக்கிற விலைக்கு நாங்க என்னங்க சார் பண்றது?" என்றார் கணக்கர். சுற்றிய தூரம் நாற்பது கிலோமீட்டர் இருக்கலாம். அந்தப் பழைய ஜீப் லிட்டருக்குப் பத்தே கொடுத்தாலும் நான்கு லிட்டர். 300 ரூபாய் நியாயமாக வேண்டுமானால், நான் முன்பதிவு செய்த நாளிலிருந்து டீசல் லிட்டருக்கு 75 ரூபாய் ஏறியிருக்க வேண்டும். இவ்வகை அறைகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பரில் 12-லிருந்து 5 விழுக்காடாகக் குறைந்ததில் எங்களுக்கு இரண்டு இரவுகளுக்கு மிச்சமான 336 ரூபாயில் ஏறக்குறைய முழுவதையும் இந்த 'டீசல் கூடுதல்' என்ற ஒரே குறிப்பு எடுத்துக்கொண்டது. கோடை மழை வலுக்காத வரையில் கிளியூரில் நீர் நூலிழையாகத்தான் விழும் என்பது ஓட்டுநருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. ஆனாலும் பட்டியலிலிருந்து அதை எடுக்கவில்லை.

கார் இல்லாமல், அல்லது காரை வீட்டில் நிறுத்திவிட்டு வரும் குடும்பத்துக்கு இந்த விடுதியைத் தயங்காமல் சொல்வேன், ஐந்துக்கு மூன்றரை. முன்பதிவின்போதே ஜீப் வாடகையை டீசல் உட்பட வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கிளியூரை விட்டுவிட்டு வாடகையைக் குறைக்கச் சொல்லியும் கேட்கலாம். மே மாதக் கோடை விழா நாட்களில் மலையேற ஒரு வழி, இறங்கக் குப்பனூர் வழி என்று போக்குவரத்தைப் பிரிப்பது வழக்கம் என்பதால், அன்று சேலத்தில் ரயில் பிடிக்க வேண்டியவர்கள் காலை இட்லி முடிந்த கையோடு கிளம்பிவிடுவது நல்லது.